டிஎஸ்ஆர்-2 கைவிடப்படாமல் இருந்திருந்தால்: கற்பனை வரலாற்று மாடலில் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

1964 செப்டம்பர் 27 அன்று இங்கிலாந்தின் போஸ்கம் டவுன் தளத்திலிருந்து சோதனை விமானி ரோலண்ட் பீமன்ட் ஓட்டிய, பிரிட்டனின் வெள்ளை நிறத் தாக்குதல் விமானம் டிஎஸ்ஆர்-2 முதன்முறையாக மேலே எழுந்தது. ஏழு மாதம்கூட ஆகவில்லை, 1965 ஏப்ரல் 6-இல் நிதியமைச்சர் ஜேம்ஸ் கலகன் பட்ஜெட் உரையிலேயே அந்தத் திட்டம் கைவிடப்படுவதாக அறிவித்துவிட்டார். அதுவரை பறந்தது எக்ஸ்ஆர்219 என்ற ஒரே விமானம், மொத்தம் 24 பறப்புகள். அன்றைக்கே முதல் பறப்புக்குத் தயாராக இருந்த எக்ஸ்ஆர்220 தரையை விட்டு எழும்பவே இல்லை. இன்று அது காஸ்ஃபர்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது, எக்ஸ்ஆர்222 டக்ஸ்ஃபர்டில் இருக்கிறது, பறந்த எக்ஸ்ஆர்219-ஐக் கொண்டுபோய்ச் சுட்டுப் பழகும் இலக்காக ஆக்கிவிட்டார்கள்.

இந்த விமானம் படையில் சேர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து மாடல் கட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஏர்ஃபிக்ஸ் என்ற மாடல் நிறுவனம் 1/72, 1/48 (நிஜ விமானத்தில் 72-இல், 48-இல் ஒரு பங்கு) இரண்டு அளவிலும் கிட் வெளியிட்டதால் கைக்கு எட்டாத ஆசையும் இல்லை. ஆனால் கட்டி முடித்ததும் பலருக்கு ஒரு குறை தோன்றும்: வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் நம்பும்படி இல்லை. பசை, பெயிண்ட் கோளாறுகளைவிட இந்தக் குறைதான் அதிகம் உறுத்தும், அதற்குக் காரணம் பெரும்பாலும் கதையில் இருக்கும். அதனால் கீழே கதைக் கோளாறையும் கைவேலைக் கோளாறையும் கலந்தே எழுதியிருக்கிறேன். உங்கள் மாடலில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். இன்னும் பெட்டியையே திறக்கவில்லை என்றால் முதல் இரண்டையும் மட்டும் இப்போதே படித்துவிடுங்கள்.

"இது எப்படி நடந்திருக்கும்?" என்று யாராவது கேட்டால் பதில் வரவில்லை

"திட்டம் கைவிடப்படவில்லை" என்பது கதை ஆகாது. எந்த நாளில், எந்த முடிவு வேறு மாதிரி எடுக்கப்பட்டது என்று சொல்ல முடிந்தால்தான் கதை. அந்த ஒரு முடிவிலிருந்துதான் நிறம், எண், ஆயுதம் எல்லாமே கிளைக்கும்.

நல்ல திருப்புமுனைகள் நிஜ வரலாற்றிலேயே கிடக்கின்றன. 1963 அக்டோபரில் ஆஸ்திரேலியா டிஎஸ்ஆர்-2-ஐ விட்டுவிட்டு அமெரிக்காவின் எஃப்-111-ஐத் தேர்ந்தெடுத்தது. அந்த ஆர்டர் பிரிட்டனுக்கு வந்திருந்தால், வெளிநாட்டு வாடிக்கையாளர் உள்ள ஒரு திட்டத்தை 1965-இல் நிறுத்துவது எந்த அரசுக்கும் அவ்வளவு எளிதாக இருந்திருக்காது. இன்னொன்று, 1964 அக்டோபர் தேர்தல். தொழிற்கட்சி வென்றது வெறும் 4 இடப் பெரும்பான்மையில், மயிரிழை என்றே சொல்லலாம். அது மாறியிருந்தால் என்று தொடங்கும் கதைகள் நிறைய உண்டு, ஆனால் என்னைக் கேட்டால் இது கொஞ்சம் பலவீனமானதுதான், ஏனென்றால் ஆட்சி யாருடையதாக இருந்தாலும் செலவு செலவுதானே. ஆஸ்திரேலிய ஆர்டர் அந்தச் செலவுக்கே ஒரு பதில் சொல்கிறது.

கதையில் தொழில்நுட்பச் சிக்கலையும் மறைக்காதீர்கள். 1962 டிசம்பரில் இந்த விமானத்துக்கான ஒலிம்பஸ் என்ஜின் ஒரு வல்கன் குண்டுவீச்சு விமானத்தின் அடியில் பொருத்தப்பட்டுத் தரையில் சோதிக்கப்பட்டபோது வெடித்து, அந்த வல்கன் எரிந்தே போனது. சக்கரங்களை உள்ளே மடக்குவதே 1965 பிப்ரவரியில், பத்தாவது பறப்பில்தான் சரியாக நடந்தது. ஆகவே 1966-இலேயே முழுப்படை தயார் என்று எழுதினால், கொஞ்சம் விவரம் தெரிந்தவர் அங்கேயே படிப்பதை நிறுத்திவிடுவார். 1968, 1969 என்று தள்ளிப் போடுங்கள், கதைக்குத் தானாகவே எடை கூடும்.

இந்திய விமானப்படை நிறத்தில் கட்ட ஆசைப்படுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். டிஎஸ்ஆர்-2 உருவானதே கேன்பெரா என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்துக்கு மாற்றாக, நம்மிடமும் கேன்பெரா இருந்தது, எனவே ஆசை நியாயமானதுதான். ஆனால் 1966 ஜூன் 6-இல் ரூபாய் மதிப்பு டாலருக்கு 4.76-இலிருந்து 7.50 ஆகக் குறைக்கப்பட்ட நாடு, அதற்கு அடுத்த வருடமே புத்தம் புது டிஎஸ்ஆர்-2 வாங்கியது என்றால் அந்நியச் செலாவணி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும். நிஜத்தில் 1968-இல் நமக்கு வந்தது சோவியத்தின் சுகோய்-7. இதைவிட இயல்பான வழி ஒன்று இருக்கிறது. 1979-இல் ஜாகுவார் போர் விமானம் வந்தபோது முதல் தொகுதி பிரிட்டிஷ் படையின் கையிருப்பிலிருந்து இரவலாகத்தான் வந்தது. அதே மாதிரி, பிரிட்டன் பயன்படுத்திய டிஎஸ்ஆர்-2 விமானங்கள் எழுபதுகளின் இறுதியில் இரவலாக வந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் பச்சை-சாம்பல் நிறத்தை அப்படியே விட்டுவிட்டு, வட்டச் சின்னத்தையும் வால் சின்னத்தையும் மட்டும் மாற்றினால் போதும். இரவல் ஜாகுவார்களும் அந்தப் பச்சை-சாம்பலில்தான் வந்து இறங்கின. கதையும் நிற்கும், பெயிண்ட் வேலையும் குறையும்.

மாடலில் மூன்று காலம் ஒன்றாகக் கலந்து தெரிகிறது

இதுதான் இந்த வகை மாடலில் அடிக்கடி வரும் கோளாறு. வெள்ளை உடல், எழுபதுகளின் சிவப்பு-நீலச் சின்னம், 1991-இன் ஆயுதம். ஒவ்வொன்றும் தனியாக அழகுதான், சேர்ந்தால் ஒட்டாது. சரிசெய்ய, ஒரு துண்டுத் தாளில் மாதமும் வருடமும் எழுதி வேலை மேசையில் ஒட்டிவிடுங்கள். "1974 ஜூன்" என்று எழுதிவிட்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பிரிட்டிஷ் விமானப்படையின் நிற வரலாறு சுருக்கமாக இப்படி. அணுகுண்டின் வெளிச்சத்தையும் வெப்பத்தையும் திருப்பி அனுப்ப உடல் முழுக்கப் பளபளப்பான வெள்ளை அடித்து, சின்னங்களையும் வெளிர் இளஞ்சிவப்பு, வெளிர் நீலமாக மங்க வைத்த காலம் ஐம்பதுகளின் இறுதியும் அறுபதுகளின் தொடக்கமும். 1964 வாக்கில் வல்கன் போன்ற குண்டுவீச்சு விமானங்கள் தாழப் பறக்கும் வேலைக்கு மாறியதும் மேற்புறத்துக்குப் பச்சையும் சாம்பலும் வந்துவிட்டன. டிஎஸ்ஆர்-2 பிறந்ததே தாழப் பறக்கத்தான். ஆகவே படையில் சேர்ந்த டிஎஸ்ஆர்-2 வெள்ளையாகவே இருந்திருக்கும் என்பது பலவீனமான ஊகம். வெள்ளை வேண்டுமென்றால் சோதனைப் பறப்புக் காலத்து விமானமாகக் கட்டுங்கள். எழுபதுகள் என்றால் கரும்பச்சையும் கருஞ்சாம்பலும், வெள்ளை வளையம் நீக்கப்பட்ட சிவப்பு-நீலச் சின்னமும். எண்பதுகளின் பிரிட்டிஷ் போர் விமானமான டொர்னேடோவில் அந்தப் பச்சை-சாம்பல் அடிவயிறு வரை சுற்றி வந்தது. 1991 வளைகுடாப் போர் சமயத்தில் அதன் மேலேயே இளஞ்சிவப்பு கலந்த பாலைவன நிறத்தைத் தற்காலிகமாக அடித்தார்கள்.

பதிவு எண்ணிலும் இதே கதைதான். வாயில் வந்த எழுத்தைப் போடுவதற்குப் பதில், நிஜமாகவே ஆர்டர் கொடுக்கப்பட்டுப் பறக்காமல் போன எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 9 விமானங்களுக்கு எக்ஸ்ஆர்219 முதல் 227 வரை, அடுத்த 11-க்கு எக்ஸ்எஸ்660 முதல் 670 வரை ஒதுக்கப்பட்டிருந்தன. எக்ஸ்எஸ்665 என்று வாலோரம் போட்டுப் பாருங்கள், விவரம் தெரிந்தவர் முகத்தில் உடனே ஒரு மாற்றம் தெரியும்.

ஆஸ்திரேலிய விமானம் கட்டினால் உடலிலுள்ள கங்காரு எப்போதும் மூக்கைப் பார்த்துத்தான் ஓட வேண்டும். அதாவது இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறு வேறு டெக்கல் (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் அச்சுச் சின்னம்). ஒரே பக்கத்தை இரண்டு முறை ஒட்டினால் ஒரு கங்காரு பின்னோக்கி ஓடும். எஃப்-111-க்கு அவர்கள் கொடுத்த எண் வரிசை ஏ8. உங்கள் கதையில் எஃப்-111 வரவே இல்லை என்பதால் அந்த ஏ8-ஐயே டிஎஸ்ஆர்-2-க்குக் கொடுத்துவிடலாம்.

ஆயுதம் நிறையத் தொங்குகிறது, ஆனால் விமானம் சந்தைக்கடை மாதிரி இருக்கிறது

அறுபதுகளின் கதை என்றால் இறக்கையைக் காலியாக விடுங்கள். இந்த விமானத்தின் முதல் வேலை, வயிற்றறைக்குள் அணுகுண்டை வைத்துக்கொண்டு தாழ்வாக, ஒலியைத் தாண்டிய வேகத்தில் போவது. கதவு மூடிய வயிறும் வெறும் இறக்கையும்தான் அந்த விமானத்தின் நிஜ முகம், பயமுறுத்துவதும் அதுதான்.

1991 வளைகுடாப் போர்க் கதை என்றால் ஒரு சங்கிலியைப் பின்தொடர்ந்து போக வேண்டும். அந்தப் போரில் டொர்னேடோ போட்ட லேசர் குண்டுகளுக்குப் பல சமயம் இலக்கில் லேசர் அடித்துக் காட்டியது பக்கனீர் விமானம். பிரிட்டிஷ் விமானப்படைக்குப் பக்கனீர் வந்ததே டிஎஸ்ஆர்-2-வும் அதற்கு மாற்றாக ஆர்டர் செய்த எஃப்-111கே-வும் போனதால்தான். உங்கள் கதையில் டிஎஸ்ஆர்-2 இருக்கிறது, அப்படியானால் விமானப்படையிடம் பக்கனீர் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பிறகு லேசரை யார் அடிப்பது? அதே போரின் இறுதி வாரங்களில் அவசரமாகக் கொண்டுவரப்பட்ட டியால்ட் என்ற லேசர் பாட் (விமானத்தின் அடியில் மாட்டும் கருவிக் கூடு) டொர்னேடோவில் பொருத்தப்பட்டது. அதில் ஒன்றை டிஎஸ்ஆர்-2-இல் மாட்டினால் கதையின் ஓட்டை அடைபடும். இப்படி ஒரு கேள்விக்குப் பதில் தேடும்போது மாடலில் ஒரு புதுப் பாகம் முளைப்பதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஓடுபாதையைச் சிதைக்கும் ஜேபி233 மாதிரிப் பெரிய பெட்டிகளை அடிவயிற்றில் ஒட்டும் முன் ஒன்றைப் பாருங்கள். அவை 6 மீட்டருக்கு மேல் நீளமானவை, 1/72-இல் 9 செ.மீ. சக்கரக் கதவும் வயிற்றறைக் கதவும் திறக்க இடம் இருக்கிறதா? இல்லையென்றால் அதை விட்டுவிட்டு இறக்கைத் தாங்கிகளில் இருக்கும் நான்கு இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டொர்னேடோ கிட்டில் மிச்சமான ஆயுதங்களை எடுக்கும்போது இரண்டும் ஒரே அளவா, 1/72-க்கு 1/72 தானா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இறக்கையும் வாலும் ஏனோ சரியாகத் தெரியவில்லை

மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலில் இறக்கையின் பின் விளிம்பு. டிஎஸ்ஆர்-2-இன் இறக்கையில் எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் அசையும் பகுதி) கிடையாது. பின் விளிம்பு முழுக்க ஃப்ளாப் (மெதுவாகப் பறக்கக் கீழே மடக்கும் பகுதி), அதன் மேல் என்ஜினிலிருந்து எடுத்த காற்றை ஊதி, இவ்வளவு சின்ன இறக்கையிலும் மெதுவாக இறங்க வழி செய்தார்கள். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்ப்பது பின்னாலுள்ள கிடைவால்கள், இடதும் வலதும் எதிரெதிராகத் திரும்பும். விவரம் கூட்டுகிறேன் என்று இறக்கை நுனியில் புதிதாக எய்லரான் கோடு கீறியிருந்தால், அதில் கருப்பு சூப்பர் குளூவை ஊற்றி நிரப்பி, உப்புத்தாள் போட்டு அழித்துவிடுங்கள்.

இரண்டாவது, செங்குத்து வாலின் அடி. இதைத்தான் நிறையப் பேர் கெடுத்துவிடுகிறார்கள். வால் உடலோடு சேரும் இடத்தில் ஒரு இடைவெளி தெரியும், வழக்கமான பழக்கத்தில் கை தானாகப் புட்டியை எடுத்துவிடும். எடுக்காதீர்கள். அந்த வால் முழுவதுமாகத் திரும்பக்கூடியது, தனியாகச் சுக்கான் என்று ஒன்று அதில் இல்லை, முழு வாலுமே சுக்கான். அடியிலுள்ள மெல்லிய நேரான இடைவெளி நிஜ விமானத்திலும் உண்டு. ஏற்கெனவே அடைத்துவிட்டீர்கள் என்றால், ஒரு மெல்லிய ரம்ப பிளேடை எடுத்து, உடலின் மேல் கெட்டியான டேப் ஒன்றை ஒட்டி அதை ஓரமாக வைத்துக்கொண்டு, அழுத்தாமல் இழுத்து இழுத்து அந்தக் கோட்டைத் திரும்பத் திறக்கலாம். புட்டி நன்றாகக் காய்ந்த பிறகு செய்தால் ஓரம் உதிராது.

மூன்றாவது, இறக்கை நுனி. உடலின் உச்சியில் தட்டையாக உட்கார்ந்திருக்கும் இறக்கையின் நுனிகள் மட்டும் கீழ்நோக்கி மடிந்திருக்கும். அந்த மடிப்பு இரு பக்கமும் ஒரே கோணத்தில் இல்லையென்றால், முன்னாலிருந்து பார்க்கும்போது விமானம் நொண்டுவது போலத் தெரியும். ஒரு அட்டையில் ஒரு பக்க நுனியின் கோணத்தை வெட்டி எடுத்து, அதைத் திருப்பி மறுபக்கம் வைத்துப் பாருங்கள். அட்டைக்கும் இறக்கைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் கோணம் தவறு. பசை இளகியிருக்கும்போதே டேப் போட்டு இழுத்து, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள்.

பெயிண்ட் அடித்த பிறகு உடலின் இணைப்புக் கோடு திரும்பத் தெரிகிறது

நிஜ விமானம் 27 மீட்டர் நீளம், 1/72-இல் கிட்டத்தட்ட 38 செ.மீ., 1/48-இல் 56 செ.மீ. பக்கங்கள் தட்டை, முதுகு நேர். இப்படிப்பட்ட உடலில் ஒரு மெல்லிய கோடுகூடத் தப்பாது, அதுவும் வெள்ளை நிறத்தில்.

கோடு எப்படித் தெரிகிறது என்பதை வைத்துக் காரணம் சொல்லலாம். தேய்க்கும்போது மழமழவென்று இருந்தது, இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் மெல்லிய பள்ளம் என்றால், பசை முழுக்கக் காயும் முன்பே தேய்த்திருக்கிறீர்கள். திரவப் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் ஒட்டுகிறது. கரைந்த இடம் மேலே காய்ந்தது போல இருந்தாலும் உள்ளே நாள் கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். ஒட்டிய பின் ஒரு வாரமாவது விட்டுவிட்டு, அந்த நேரத்தில் காக்பிட்டையும் சக்கரத்தையும் பாருங்கள்.

பள்ளம் அகலமாக, புட்டி போட்ட இடத்தில் மட்டும் இருக்கிறது என்றால், புட்டியை ஒரே தடவையில் கனமாக அப்பியதால் வந்தது. கரைப்பான் கலந்த புட்டி காயும்போது சுருங்கும். மெல்லியதாக இரண்டு மூன்று தடவை போடுங்கள், அல்லது சூப்பர் குளூவில் டால்கம் பவுடரைக் குழைத்துப் போடுங்கள், அது சுருங்காது. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும், மறுநாள் வரை விட்டால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிவிடும், அப்புறம் தேய்த்தால் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்து நடுவில் மேடு நிற்கும்.

கோடு மயிரிழை போல, விரிசல் மாதிரி இருக்கிறது என்றால் இணைப்பே பிரிந்துகொண்டிருக்கிறது. உடலின் இரு பாதிகளும் கொஞ்சம் வளைந்திருந்து, அவற்றை வலுக்கட்டாயமாக அமுக்கி ஒட்டியிருந்தால் இப்படித்தான் ஆகும். இதற்கு வெளியிலிருந்து எத்தனை தடவை புட்டி போட்டாலும் பயனில்லை. மனதைத் திடப்படுத்திக்கொண்டு அந்த நீளத்துக்கு இணைப்பைப் பிளேடால் திறந்து, உள்ளே பிளாஸ்டிக் பட்டைத் துண்டுகளை ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம் என மாற்றி மாற்றி ஒட்டித் தாங்கலாக வைத்து, மறுபடி மூடுங்கள். இன்னும் ஒட்டாதவர்கள் இதை முதலிலேயே செய்துவிடலாம்: முழு நீளத்தையும் ஒரே மூச்சில் ஒட்டாமல், மூக்கிலிருந்து தொடங்கி 5, 6 செ.மீ. அளவுக்கு நேராக்கி ஒட்டி, அது பிடித்த பிறகு அடுத்த பகுதிக்குப் போங்கள்.

எந்தக் கோளாறாக இருந்தாலும், நிறம் அடிப்பதற்கு முன் சாம்பல் பிரைமர் ஒரு கோட் அடித்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள்.

வெள்ளை நிறம் சொரசொரப்பாக, திட்டுத்திட்டாக, அல்லது மஞ்சளாக

சொரசொரப்பு என்றால் பெயிண்ட் காற்றிலேயே பாதி காய்ந்து தூளாகப் போய் விழுந்திருக்கிறது. ஏர்பிரஷ்ஷைக் கிட்டே கொண்டு வாருங்கள், தின்னரைக் கொஞ்சம் கூட்டுங்கள், காற்றழுத்தத்தைக் குறையுங்கள், காயும் வேகத்தைத் தள்ளிப்போடும் ரிடார்டர் இரண்டு சொட்டு விடுங்கள். நம் ஊர் மே மாத வெயிலில் அக்ரிலிக் அடித்தால் இந்தத் தொல்லை நிச்சயம். விடிகாலையில் அடித்துப் பாருங்கள்.

திட்டுத்திட்டாக இருந்தால் அடியில் இருக்கும் நிறத்தில்தான் பிரச்சினை. கரும் பிரைமரின் மேல் வெள்ளையை ஏற்றப் பார்த்தால் கோட் கூடிக் கூடி, கோடுகள் எல்லாம் மூடிப்போகும். வெளிர் சாம்பல் பிரைமர், அதன் மேல் தண்ணீர் போல மெல்லிய நான்கைந்து கோட். கோடுகளுக்கு வாஷ் (கோட்டுக்குள் ஓடவிடும் நீர்த்த நிறம்) போடும்போது கருப்பு வேண்டவே வேண்டாம், வெளிர் சாம்பல் போதும்.

மழைக்காலத்தில், குறிப்பாகக் கடலோர ஊர்களில், லாக்கர் கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) அடித்ததும் பால் படிந்த மாதிரி மங்கல் வருவது காற்றின் ஈரத்தால். கரைப்பான் வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிர வைக்கும்போது ஈரம் அதில் படிந்துவிடும். பதற வேண்டாம். ஈரம் குறைந்த ஒரு நாளில் ரிடார்டர் கலந்த தின்னரை மட்டும் மெல்லியதாகத் தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

மஞ்சளானது கிளியர் கோட்டால் என்றால் அதை எடுக்க வழியில்லை, மேலே மெல்லிய வெள்ளை இன்னொரு கோட் அடித்து, இந்த முறை தண்ணீரில் கரையும் அக்ரிலிக் கிளியர் போடுங்கள்.

டெக்கலின் ஓரத்தில் வெள்ளி போல மினுக்கம், அல்லது சின்னத்தின் வழியே அடி நிறம் தெரிகிறது

மினுக்கம் என்பது டெக்கலுக்கு அடியில் சிக்கிய காற்று. மேட் பரப்பில் ஒட்டினால் வரும். ஊசியால் பல இடத்தில் குத்தி, டெக்கலை இளக்கும் திரவத்தைத் தடவி, பஞ்சுக் குச்சியால் உருட்டி அமுக்குங்கள். அடுத்த முறை முதலில் பளபளப்பான கிளியர் போட்டுவிட்டு ஒட்டுங்கள்.

அடி நிறம் தெரிவது கற்பனை மாடலில்தான் அதிகம் வரும், ஏனென்றால் வெள்ளை உடலுக்காக அச்சடித்த வெளிர் டெக்கலை நாம் பச்சையின் மேல் ஒட்டுகிறோம். அதே அளவு வெள்ளை வட்டத்தை முதலில் ஒட்டி, அதன் மேல் இதை ஒட்டுங்கள். இன்னும் நல்லது, கரும் உடலுக்கு வெளிர் சின்னமே வேண்டாம், காலத்துக்குப் பொருந்தவும் பொருந்தாது.

எண்களைப் பல டெக்கல் தாள்களிலிருந்து எழுத்தெழுத்தாக வெட்டிச் சேர்க்கும்போது உயரம் மாறிவிடும். பிரிட்டிஷ் விமானத்தின் உடலில் போடும் எண் பொதுவாக 8 அங்குல உயரம், 1/72-இல் 2.8 மி.மீ., 1/48-இல் 4.2 மி.மீ. ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு வெட்டுங்கள், ஒட்டும்போது கீழே ஒரு டேப் ஓரத்தை நேர்கோடாக வைத்துக்கொண்டால் எழுத்துகள் ஏறி இறங்காது.

மூக்கு மேலே, வால் தரையில்

எல்லாவற்றையும் டேப்பால் சேர்த்து, பின்சக்கரங்களின் நடுவில் விரலை வைத்துத் தூக்கிப் பாருங்கள். பின்னால் சாய்ந்தால் மூக்குக்குள் மீன்பிடிக்கும் ஈயக்குண்டு சேர்க்க வேண்டும். உடலை மூடிவிட்டீர்கள் என்றால் முன்சக்கர அறையின் கூரையில் துளை போட்டு உள்ளே தள்ளிப் பசை விடலாம். எடை கூடியதும் சக்கரக் கால்கள் அகன்றால், காலின் வேரில் துளையிட்டு ஒரு துண்டு பித்தளைக் கம்பியைச் சொருகுங்கள்.

கேனபியில் (விமானி அறையின் கண்ணாடி மூடியில்) புகை படிந்த மாதிரி இருக்கிறது

சூப்பர் குளூவின் ஆவி. உள்பக்கம் படிந்திருந்தால் கழற்றித்தான் ஆக வேண்டும். டூத்பேஸ்ட்டால் மெருகேற்றி, பளபளப்பான கிளியரில் முக்கி எடுங்கள். மறுபடி ஒட்ட வெள்ளைப் பசை போதும்.

பாலைவன நிறம் நன்றாக வந்திருக்கிறது, ஆனால் பொம்மை மாதிரி இருக்கிறது

அந்த நிறம் தற்காலிகமானது, கழுவி எடுப்பதற்காகவே அடித்தது, அடியில் பழைய பச்சை-சாம்பல் அப்படியே இருந்தது. மாடலிலும் அதே வரிசையில் போங்கள். முதலில் பச்சை-சாம்பலை முழுதாக முடித்து, கிளியர் போட்டு, அதன் மேல் ஹேர் ஸ்பிரே, அதன் மேல் பாலைவன நிறம். காய்ந்ததும் ஈரத் தூரிகையால் தேய்த்தால் மேல் நிறம் மட்டும் உரியும். காற்று நுழையும் வாயின் ஓரம், வாலின் முன் விளிம்பு, மெக்கானிக்குகள் கால் வைக்கும் இறக்கையடி, இவ்வளவுதான். மழையாலும் வெயிலாலும் வருடக்கணக்கில் அடிபட்ட மாதிரி உரித்துவிடாதீர்கள், போரில் அந்த நிறத்தின் ஆயுளே சில மாதங்கள்.

ஆனால் உடலுக்கு வயது உண்டு. எக்ஸ்எஸ்665 அறுபதுகளின் இறுதியில் கட்டப்பட்டதென்றால் 1991-இல் அதற்கு இருபது வயதுக்கு மேல். இரண்டு மூன்று பலகைகள் சற்று வேறு சாயலில், ஒரு கதவு வேறு விமானத்திலிருந்து கழற்றி மாட்டியது போல, அடியில் எண்ணெய் வழிந்த தடம் மெல்லியதாக. என்ஜின் முனையில் உலோக நிறத்தைச் செம்பழுப்பும் நீலமும் கலந்து வெப்பத்தில் மாறியதாகக் காட்டுங்கள். கான்கார்டின் என்ஜின் இதே ஒலிம்பஸ் குடும்பம்தான், அதன் பின்பக்கப் புகைப்படங்களைப் பார்த்தால் நிறம் எப்படி மாறும் என்று தெரியும்.

பார்த்தவர் நிஜமாகவே இப்படி ஒன்று இருந்தது என்று நம்பிவிட்டார்

வேலை வெற்றி. ஆனாலும் பெயர்ப் பலகையில் இதைச் சரிசெய்தே ஆக வேண்டும், முக்கியமாக மாடலைக் குழந்தைகள் பார்க்கும் இடத்தில் வைப்பதாக இருந்தால். முதல் வரியில் உங்கள் கதை: "எக்ஸ்எஸ்665, முஹாரக் தளம், பஹ்ரைன், 1991 ஜனவரி, கற்பனை." அடுத்த வரியில் நிஜம்: "டிஎஸ்ஆர்-2 திட்டம் 1965 ஏப்ரல் 6-இல் கைவிடப்பட்டது. பறந்தது எக்ஸ்ஆர்219 மட்டுமே." திருப்புமுனை என்னவென்று மூன்றாவது வரியில் எழுதுங்கள். அது ஒரே வாக்கியத்தில் அடங்கவில்லை என்றால் முதல் தலைப்புக்குத் திரும்பிப் போங்கள்.